தைலம் குடித்த இஸ்திரிப்பெட்டி

எங்கள் மலையில் ஏரிக்கு மேல்பக்கம் மேட்டில் ஒரு பங்களா. மதுரையில் மில் வைத்திருந்த முதலாளி ஒருவருடையது. அங்கே பதினாறு வருசம் நான்தான் துணி தேய்த்தேன். என்னுடையது சிரட்டைக்கரி போட்டுத் தேய்க்கிற பித்தளைப் பெட்டி. சமையல்காரர் அதை இரண்டு கையால் தூக்குவார். எனக்கு ஒரு கை போதும்.

சுருக்கம் போக வேண்டுமென்றால் துணியில் கொஞ்சம் ஈரம் வேண்டும். வாய் நிறையத் தண்ணீர் வைத்து நான் ஊதினால், மலையில் மஞ்சு இறங்குகிற மாதிரி துணி முழுக்க ஒரே சீராக விழும். அந்தக் கலை அட்டுவம்பட்டி வரைக்கும் வேறு யாருக்கும் வராது. நயா பைசா வந்து நாலைந்து வருசம் ஆகியிருக்கும், அந்த வெயில் காலத்தில் மேலே வந்த முதலாளியம்மா முதல் தடவையாக அதை நேரில் பார்த்துவிட்டார்கள்.

"எச்சித் தண்ணியவா இத்தனை வருசமும் உடுத்திக்கிட்டு இருந்தோம்?" என்றார்கள்.

"வாயக் கொப்புளிச்சிட்டுத்தானுங்கம்மா ஊதுறேன்" என்றேன். அது எடுபடவில்லை.

அடுத்த வருசம் வரும்போது அம்மாவின் பையில் ஒரு கரண்டுப் பெட்டி இருந்தது. கப்பலில் போய்வந்த தம்பி வாங்கிக் கொடுத்ததாம். உள்ளங்கை அகலந்தான். ஒரு ஓட்டையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிச் சொருகினால், அடியில் ஆவி புஸ்ஸென்று வரும். அம்மாவே நாலு நாள் தலையணை உறையில் தேய்த்துப் பழகினார்கள். நன்றாகவே தேய்த்தார்கள், பொய் சொல்லக் கூடாது.

"பூக்காட்சியில அய்யாதான் ரோசாவுக்குப் பரிசு குடுக்குறாங்க. அவுக வெள்ளைக் கோட்ட நானே இதுல தேய்க்கிறேன். நல்லா வந்துச்சுன்னா, நீ வேற சோலி பாத்துக்க" என்றார்கள்.

பூக்காட்சிக்கு முதல்நாள் மத்தியானம் அம்மா தூங்கப் போனார்கள். பெட்டி மேசைமேல் இருந்தது. சமையல்காரருக்கு ஒரே சளி. பக்கத்து அடுக்கம் ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தும்மித் தும்மி ரசத்தை இரண்டு தடவை கொட்டிவிட்டார்.

"ஏத்தா, வெந்நி போட்டு ஆவி புடிக்கலாம்னா அடுப்பு நாலும் சோலியாக் கெடக்கு" என்றார்.

"ஆவி வர்ற பெட்டி ஒண்ணு சும்மாதானண்ணே கெடக்கு" என்றேன்.

நம் ஊரில் ஆவி என்றால் தைலம் இல்லாமல் உண்டா? மலை முழுக்கத் தைல மரம். ஓட்டையில் அரைக் குப்பி தைலத்தை ஊற்றி, மேலே தண்ணீர் ஊற்றிச் சொருகினேன். அவர் கம்பளியால் தலையை மூடிக்கொண்டார். நான் பெட்டியைச் சாய்த்து மூக்குக்கு நேராகப் பிடித்தேன், எட்டத்தில்தான்.

"ஏத்தா, மூக்கத் தேய்ச்சுறாத" என்று கம்பளிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

சளி வெரசா இளகிவிட்டது. மிச்சத் தண்ணீரைக் கொட்டி, பெட்டியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். கெடுக்க வேண்டுமென்று நினைத்திருந்தால் எனக்கு ஒரு கரித்துண்டு போதும். அப்படி நான் செய்கிறவள் இல்லை.

ஆனால் தைலம் பெட்டியின் வயிற்றுக்குள் தங்கிவிட்டது. மறுநாள் வெள்ளனே அம்மா கோட்டைத் தேய்த்தபோது வீடே மணத்தது. சமையல்காரர் மேலிருந்து வருகிற வாசம் என்று நினைத்து, அவரைக் கொல்லைக்குப் போகச் சொன்னார்கள். கோட்டு மடிப்பு கலையாமல் தகடு மாதிரி நின்றது. நான் என் பித்தளைப் பெட்டியைத் துடைத்துச் சாக்கில் கட்டிவைத்தேன்.

சாயங்காலம் கார் வந்தது. அம்மா முகம் கடுகடுவென்று இருந்தது. அய்யா சிரித்துக்கொண்டே இறங்கினார். அவருக்கு மலையேறினால் மூக்கு அடைத்துக்கொள்ளும். வருசாவருசம் ரோசாவை மோந்து பார்க்கிற மாதிரி குனிந்துவிட்டு, பெரிய பூவுக்குப் பரிசு கொடுத்துவிடுவார். இந்த வருசம் மூக்கு திறந்துவிட்டது. மோந்த பூவெல்லாம் தைலமாக மணத்திருக்கிறது. அவரை ஒட்டி நின்ற கமிட்டிக்காரர்களும் மோந்து பார்த்து, ஆமாம் ஆமாம் என்றிருக்கிறார்கள். விசாரித்ததில், ரோசா கொண்டுவந்தவர்களில் ஒருவருடைய தோட்டம் தைலமரத் தோப்பை ஒட்டி இருந்ததாம். அவர் ரோசாவிலிருந்துதான் இந்த வாசம் எல்லாவற்றுக்கும் பரவியது என்று முடிவு கட்டி, முதல் பரிசை அவருக்கே கொடுத்துவிட்டார்கள்.

அம்மா என்னைக் கூப்பிட்டார்கள்.

"பெட்டியில என்னத்த ஊத்துன?"

"தைலமுங்க. அண்ணனுக்குச் சளி."

"கோட்டுல இருந்துதான் அந்த வாசமா?" என்று அய்யா கோட்டுக் கையை மோந்து பார்த்தார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அந்தப் பெட்டியக் கொண்டா. தைலத்தையும் கொண்டா" என்றார்.

"அப்ப துணிய எதுல தேய்க்கிறது?" என்றார்கள் அம்மா.

அய்யா அதற்குள் ஆவி பிடிக்கத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தார்கள், நான் தரையைப் பார்த்தேன்.

"வாயால ஊதாத. கையால தெளி" என்றார்கள் கடைசியில்.

"சரிங்கம்மா" என்றுவிட்டுப் போய்ச் சாக்கை அவிழ்த்தேன். அம்மா பார்க்கிற வரைக்கும் கையால்தான் தெளித்தேன்.