பட்டுப் பிரிவில் நிற்கப் படித்தேன்

பட்டுச் சேலை விற்கிற தொழிலில் வாய்க்கும் கைக்கும்தான் பேர் கிடைக்கும். உண்மையில் சேலையை விற்பது கால்தான். தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில், பட்டுப் பிரிவில், பத்தொன்பது வருஷமாக நிற்கிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பார், இந்தப் பக்கம் நாங்கள் நிற்போம். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் ஷட்டர் இறங்கும்வரை அதே கதைதான், நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. நகைக்கடை, மருந்துக்கடை, செக்யூரிட்டி வேலை, பள்ளிக்கூடம் என்று நின்று சம்பாதிக்கிற அத்தனை பேருக்கும் நான் சொல்வது புரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்கள் வேண்டுமானால் ஓரமாக வேடிக்கை பார்க்கலாம்.

கெண்டைக்கால்

இந்த வருஷம் மாசி மாதம் என் இடது கெண்டைக்காலில் நரம்பு புடைத்துப் பச்சையாகச் சுருண்டுகொண்டது. சாயங்காலம் ஆனால் செருப்பு வார் பாதத்தில் பதிந்து கிடக்கும். டாக்டரம்மா பார்த்துவிட்டு இறுக்கமான காலுறை எழுதிக் கொடுத்தார். ஒரே இடத்தில் அசையாமல் நிற்காதீர்கள், ரத்தம் கீழேயே தங்கிவிடுகிறது, முடிந்தால் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். இதை மறைக்கக் கூடாது என்று நானே போய் மேனேஜரிடம் சொன்னேன். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். கெட்டவர் இல்லை. ஆனால் பட்டுப் பிரிவுக்கு நிற்கத் தெம்புள்ள ஆள்தான் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். தீபாவளி வரை பார்ப்போம், முடியாவிட்டால் கீழே பார்சல் கட்டுகிற இடத்துக்கு மாற்றிவிடுகிறேன் என்றார்.

கல்யாணப் பெண் கண்ணாடி முன்னால் நின்று முந்தியைத் தோளில் போட்டுப் பார்ப்பாள். தன்னையே யாரோ என்று பார்ப்பது மாதிரி ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் இந்த வேலையை விடாமல் இருக்கிறேன். பார்சல் கட்டுகிற இடத்தில் அது கிடைக்காது. போகப்போவதில்லை என்று அங்கேயே தீர்மானம் செய்துகொண்டு அவரிடம் அரை மணி நேரம் வாதாடினேன். அண்ணாச்சி கடைசியில் சொன்னார்: "ஏளா ஸ்டெல்லா, வாய் நல்லா நிக்கி. கால் நிக்கலையே, நான் என்ன செய்ய?"

வலது கால் வராத பன்னிரண்டு நாள்

என் கொழுந்தன் ஜெரால்டு சரக்குக் கப்பலில் ஃபிட்டர். அவனுக்கு முதுகு வலி இருந்தது. அவன் கப்பல் சமையல்காரர் ஒரு சீனக்காரர். விடிந்ததும் மேல்தளத்தில் நின்று கைகால்களை மெதுவாக அசைப்பாராம். அது தாவோ வழி, உடம்போடு சண்டை போடாமல் இருக்கப் பழகுவது என்று சொல்லி இவனுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார். என் காலைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஜெரால்டு வாட்ஸப்பில் வாய்ஸ் அனுப்பினான். முதல் பாடம் நிற்பது. எனக்குக் கோபம்தான் வந்தது. பத்தொன்பது வருஷமாக நிற்கிறவளுக்கு நிற்கச் சொல்லித்தர ஒரு ஆளா? ஆனாலும் சொன்னபடி முட்டியை இளக்கி, தோளைத் தொங்கவிட்டு, மூச்சைத் தொப்புளுக்குக் கீழே இறக்கி நின்று பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் தொடை நடுங்கியது. இத்தனை வருஷமும் முட்டியை விறைத்துப் பூட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாம் பாடம், உடம்பின் முழுப் பாரத்தையும் மெதுவாக இடது காலுக்குக் கொண்டுபோவது. அதோடு வாய்ஸ் நின்றுவிட்டது. கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதில் அவனுக்கு சிக்னல் போய்விட்டது. நான் விடுவேனா? பன்னிரண்டு நாள், காலையும் மாலையும், இடது காலிலேயே நின்றேன். பலவீனமான கால் அதுதானே, அதைத்தான் முதலில் தேற்றுகிறார்கள் என்று நானே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி என்னை இரண்டு தடவை நிமிர்த்தி உட்காரவைத்தாள். கப்பல் அடுத்த ஊர் சேர்ந்ததும் ஜெரால்டைக் கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "மைனி, வலது காலுக்கும் மாத்தணும்னு தனியா சொல்லணுமா? நடக்கையில ரெண்டு காலையும்தான மாத்தி மாத்தி வைக்கிய?"

ஈரலுக்கு ஒரு சிரிப்பு

அடுத்த பாடம் சிரிப்பது. கண்ணை மூடிக்கொண்டு முகத்தில் லேசாகச் சிரிப்பை வரவைத்து, அதை அப்படியே இருதயத்துக்கும் ஈரலுக்கும் வயிற்றுக்கும் கால்வரைக்கும் அனுப்ப வேண்டுமாம். எங்கள் கடையில் சிரிப்பு வேலை விதிகளில் ஒன்று. சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறவளுக்கு ஈரலுக்கும் ஓவர்டைம் சிரிப்பா என்று சலித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். இருதயம், ஈரல் வரை ஒழுங்காகப் போயிற்று. கெண்டைக்காலைப் பார்த்துச் சிரிக்கத்தான் முடியவில்லை. இந்தக் காலால்தானே பட்டுப் பிரிவு போகப்போகிறது என்று அதன்மேல் அத்தனை வெறுப்பு. மூன்றாம் நாள் அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டு அழுதுவிட்டேன். பாவம், என்னைச் சுமந்ததைத் தவிர அது வேறு என்ன தப்பு செய்தது?

அந்த வாரம் புன்னைக்காயலில் இருந்து ஒரு அம்மா மகளுக்குக் கல்யாணச் சேலை எடுக்க வந்தார். எழுபது சேலைக்கு மேல் விரித்தாயிற்று. ஒன்றில் பார்டர் பெரிது, ஒன்றில் முந்தி பளபளப்பு போதாது, ஒன்று சம்பந்தி வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. வழக்கமாக இந்தக் கட்டத்தில் என் உதடு சிரிக்கும், கண் சிரிக்காது. அன்றைக்கு மூச்சைக் கீழே இறக்கி, ஈரலுக்கு ஒரு சிரிப்பு அனுப்பிவிட்டு எழுபத்தொன்றாவது சேலையை எடுத்தேன். அந்த அம்மா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏளா, இம்புட்டுச் சேலையையும் கலைச்சுப் போட்டுருக்கேன், நீ நெசமாவே சிரிக்கியே, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

கேமராவில் தெரிந்தது

சேலையை விரிப்பதும் மடிப்பதும் தோள் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். ஜெரால்டு அனுப்பிய வீடியோவில் சமையல்காரர் இடுப்பைத் திருப்புகிறார், கை தானாகப் பின்னால் போகிறது, பாரம் ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறுகிறது. அதையே சேலையில் செய்து பார்த்தேன். சேலை விரிந்தது, கெண்டைக்காலும் அசைந்தது. டாக்டரம்மா சொன்னதும் அதைத்தானே. பக்கத்துக் கவுண்டர் முத்துச்செல்வி இரண்டு நாள் கேலி செய்தாள், மூன்றாம் நாள் எனக்கும் காட்டுங்க அக்கா என்றாள். மாதம் முடிவதற்குள் மாடியில் இருந்த எட்டுப் பேரும் சேர்ந்துவிட்டோம். கடை திறக்கும் முன் கால் மணி நேரம், பேச்சில்லாமல், மெதுவாகக் கையை உயர்த்தி மெதுவாக இறக்குவோம்.

ஒரு நாள் நடுவில் அண்ணாச்சி மூச்சு வாங்க மாடி ஏறி வந்து நின்றார். எங்களைப் பார்த்தார், சுவரில் இருந்த கேமராவைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். "கேமராதான் மெதுவா ஓடுதுன்னு ரிப்பேர்காரனுக்குப் போன் போட்டுட்டு வாரேன். நீங்கதான் மெதுவா ஓடுதியளா?"

காயல்பட்டினத்து ராத்தா

எல்லா நாளும் நன்றாகப் போயிற்று என்று சொன்னால் அது பொய். சில நாள் அரை மணி நின்றாலும் மனசு பால் பாக்கெட்டில் இருந்து பஸ் நேரம்வரை ஓடும், கால் கடுப்பு அப்படியே இருக்கும். எங்கள் தெருவில் ஒருத்தி சீனாக்காரன் சாமியைக் கும்பிடுகிறாயா என்று கேட்டாள். கோயிலுக்குப் போகிற நேரத்தில் கோயிலுக்குத்தான் போகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் எனக்கே சலிப்புத் தட்டிக்கொண்டிருந்தது.

காயல்பட்டினத்து ராத்தா ஒருவர் என்னுடைய பழைய வாடிக்கையாளர். அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அவர் வருகிற சமயம் எல்லாம் ராத்தா என் கவுண்டருக்குத்தான் வருவார். என்ன இப்போ நிற்கிற தோரணையே மாறியிருக்கிறது என்று கேட்டார். விஷயத்தைச் சொல்லி, நின்று நின்று பார்க்கிறேன், சில நாள் ஒன்றும் ஏறவில்லை என்று புலம்பினேன். ராத்தா சேலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தொழுகைக்கு நிக்கிறதுக்கு முன்னாடி நாங்க நிய்யத்து வைப்போம். எதுக்கு நிக்கிறோம்னு மனசுல தெளிவா இருக்கணும், இல்லாட்டி சும்மா கால்தான் கடுக்கும்."

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. எதற்கு நிற்கிறேன்? கால் சரியாகிவிட்டது என்று அண்ணாச்சிக்குக் காட்டுவதற்கு. அவ்வளவுதான். ஆனால் சரியாகவில்லையே. வலி பாதி குறைந்திருந்தது, மீதி பாதி அங்கேயே இருந்தது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு மாடியில் நகர இடமில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு இடது கால் கனத்துப்போயிற்று. பழைய ஸ்டெல்லாவாக இருந்தால் முட்டியைப் பூட்டிக்கொண்டு ஷட்டர் இறங்கும்வரை தள்ளியிருப்பாள். ஏழு மாதமாகக் காலைக் கவனித்துப் பழகிவிட்டதால், அது சொல்வது கேட்காத மாதிரி என்னால் நடிக்க முடியவில்லை. கடைக்காரர்கள் ஊழியருக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் மாடிக்கும் எட்டு ஸ்டூல் வந்திருந்தது. உட்கார்ந்தவர் யாருமில்லை. உட்கார்ந்தால் சோம்பேறி என்று பேர் வந்துவிடும் என்ற பயத்தில் அவற்றின்மேல் சேலைப் பெட்டிகளை அடுக்கியிருந்தோம். ஒன்றின் மேலிருந்த பெட்டிகளை இறக்கினேன், ஸ்டூலைக் கவுண்டருக்கு இழுத்தேன், திருச்செந்தூரில் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். இதோடு பட்டுப் பிரிவு போயிற்று என்றே நினைத்தேன்.

அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஸ்டெல்லா எந்திரி என்றார். "கால் நெறஞ்சிட்டு அண்ணாச்சி, கொஞ்சம் எறங்கட்டும், யாவாரத்த நான் விடமாட்டேன்" என்றேன். எழுந்திருக்கவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் எதிரே இருந்த கல்யாணப் பெண்ணின் அம்மா, "இருக்கட்டும் அண்ணாச்சி, இப்பதான் அவ மூஞ்சியப் பாத்துப் பேச முடியுது" என்றார். அதுவரை சிவப்பு, சிவப்பு என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவர், மகளுக்கு நீலம் ஆசை, மாப்பிள்ளை வீட்டில் சிவப்புதான் வேண்டும் என்கிறார்கள், ரெண்டு நாளாக வீட்டில் அழுகை என்று மெதுவாகச் சொன்னார். நீல உடம்பில் சிவப்பு முந்தி வைத்த சேலை ஒன்று அடித்தட்டில் இருந்தது. எடுத்து அந்தப் பெண்ணின் தோளில் போட்டேன். அவள் கண்ணாடியைப் பார்த்து ஒரு நிமிஷம் பேசாமல் நின்றாள். அம்மா அதை எடுத்து, பில் போடச் சொல்லி என்னிடமே நீட்டினார்.

பில் போகும்வரை அண்ணாச்சி அங்கேயே நின்றார். முதுகுக்குப் பின்னால் பெட்டி இறங்குகிற சத்தம் அவருக்குக் கேட்டதோ என்னவோ, திரும்பிப் பார்க்கவில்லை. முத்துச்செல்வி முதலில் உட்கார்ந்தாள், அப்புறம் மற்றவர்கள் ஒவ்வொருவராக. மீதி ஏழு ஸ்டூலும் நிறைந்துவிட்டது. அவர் என் பக்கம் குனிந்து, ரகசியமாகச் சொன்னார்: "சரி, உக்காந்தே வித்துக்க, பட்டுலயே இரு. மத்த பிள்ளையள்ட்ட மட்டும் சொல்லிராத."

ஏழு மாதம் மெனக்கெட்டு நிற்கப் படித்த எனக்கு, உட்கார்ந்ததற்குத்தான் பாஸ் போட்டார்கள்.