கடைசித் தெருவுக்கு வந்த தண்ணீர்

முதலில் நான் பார்த்தது ஒரு தலையை மட்டும்தான். அள்ளி முடிந்த கொண்டையும் காதோரத்து நரையும் தரைக்கு ஒரு சாண் மேலே தெரிந்தன. உடம்பு குழிக்குள் இருந்தது. பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கடைசித் தெரு அது. குழாயில் தண்ணீர் மேலே ஏறாததால், குழாயைத் தாழ வெட்டி, சுற்றிலும் குழி தோண்டி, அதற்குள் இறங்கிக் குடம் பிடிப்பார்கள். அந்தப் பெண் குழாயில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்த என்னிடம், "காத்துதாம்மா வருது. புடிச்சிக்கினு போறியா?" என்றார். எங்கள் கல்லூரியின் ஏழு நாள் சேவை முகாமில் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அதுதான்.

மீன்கார அக்கா என்றே அவரை ஊரில் அழைத்தார்கள். விடிந்ததும் அன்னக்கூடையோடு கரைக்குப் போய் மீன் வாங்கி, ஊர் ஊராக விற்பவர். தண்ணீர் விடுவது காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை. அதற்குள் இரண்டு குடம் நிரம்பாவிட்டால், அவர் போன பிறகு அவருடைய மகள் வயல்காட்டு போர்செட்டுக்கு நடக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண். காலையில் முதல் பாடவேளை கணக்கு. தாமதமாகப் போனால் வெளியே நிற்க வேண்டும். பெரும்பாலான நாட்கள் நின்றுகொண்டுதான் இருந்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. அதனால் அந்தப் பெண் வகுப்புக்கு வெளியே நிற்பதை என்னையே யாரோ வெளியே நிறுத்தியதாக எடுத்துக்கொண்டேன். இந்த ஏழு நாளுக்குள் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவைப்பது என்று முடிவு செய்தேன்.

எங்களை அழைத்துப் போன பேராசிரியருக்கோ பேரணிதான் முக்கியம். 'நீரைச் சேமிப்போம்' என்று எழுதிய அட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றச் சொன்னார். கடைசித் தெருவுக்குள் கோஷம் போட்டபடி நுழைந்தோம். குழிக்குள்ளிருந்து குரல் வந்தது: "இன்னாத்தடி சேமிக்கறது? மொதல்ல ஒரு கொடம் குடுத்துட்டுச் சொல்லுங்க!" தெருவே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. சார் மட்டும் அசராமல், அட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்.

தண்ணீர் எங்கே போகிறது என்பது ஊருக்கே தெரியும். முன்தெருக்காரர்கள் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனபோது ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. "மோட்டாரா? எங்க வூட்லயா?" என்று எல்லோரும் ஒரே மாதிரி வியந்தார்கள். ஒருவர் பின்கட்டில் மோட்டாரின் மேல் கூடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "கோழி அடை வச்சிருக்கும்மா, கிட்ட போவாதீங்க" என்றார். கூடை உறுமிக்கொண்டிருந்தது. என் தோழி, "எந்த ஊர்க் கோழிங்க இது?" என்று கேட்டதற்கு, "நாட்டுக்கோழிதான்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

சாரிடம் சண்டை போட்டு, கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் ஒன்றைக் கூட்டினேன். மேடைப் பேச்சில் எப்போதும் பரிசு வாங்குகிறவள் நான். அன்றைக்கும் நன்றாகத்தான் பேசினேன். காலையில் முதல் அரை மணி நேரம் யாரும் மோட்டார் போடுவதில்லை என்று ஊர் ஒப்புக்கொண்டது. கோழிக்காரர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டினார். மறுநாள் விடியும் முன்பே தெருவுக்கு இரண்டு பேராகப் போய் நின்றோம். மாணவர்கள் வாசலில் நிற்கும்போது மோட்டாரைப் போட யாருக்கும் மனம் வரவில்லை.

தண்ணீர் வந்தது. குழாய் இரண்டு முறை இருமிவிட்டு, கை தடிமனுக்கு ஊற்றியது. மீன்கார அக்கா குடத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார். குழியிலிருந்து மேலே தூக்கிக் கொடுத்த குடத்தை நான் வாங்கி இடுப்பில் வைத்தேன். பாதித் தண்ணீர் என் சுடிதாரில் வழிந்தது.

"உன் வூடு எந்தப் பக்கம்?"

"வில்லியனூர் பக்கம்க்கா."

"அங்க தண்ணி நல்லா வருதா?"

"வரும்க்கா."

"மோட்டாரு வச்சிருக்கீங்களா?"

"இல்லக்கா" என்றேன்.

இருந்தது. நான் கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா எங்கள் வீட்டுக்கு வாங்கிய முதல் பெரிய பொருள் அந்த மோட்டார்தான். காலேஜ் போகிற பெண் தெருவில் குடம் தூக்கி நிற்கக் கூடாது என்பது அம்மாவின் பிடிவாதம். எங்கள் தெருவுக்குப் பின்னாலும் ஒரு கடைசித் தெரு உண்டு என்பதை, அந்தக் குழியோரம் ஈர உடையோடு நின்றபோதுதான் முதல் முறையாக நினைத்துப் பார்த்தேன். இத்தனை படித்தும் அதற்கு முன் தோன்றவில்லை.

இரண்டு நாட்கள் கடைசித் தெருவில் தண்ணீர் ஓடியது. இரண்டு நாளும் அக்காவின் மகள் மணி அடிக்கும் முன் வகுப்பில் இருந்தாள். அதற்கு மறுநாள் முகாம் முடிந்தது. சார் எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார். நாங்கள் பேருந்தில் ஏறிய மறுநாளே கோழி மறுபடியும் அடைக்கு உட்கார்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து மோட்டாரைக் கழற்றச் சொன்னேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ கழட்டி வையி. பக்கத்து வூட்டுக்காரி ரெண்டு போட்டு இழுப்பா. அப்புறம் நீயே போயி கொடத்தோட நில்லு, உனுக்குத்தான் நல்லா பேச வருதே" என்றார். நான் கத்தினேன், ஒரு நாள் சாப்பிடாமல்கூட இருந்தேன். மறுநாள் காலை மோட்டார் ஏற்றிய தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போனேன்.

அந்தப் பெண் பத்தாம் வகுப்பில் தேறியபோது மீன்கார அக்கா கைப்பேசியில் அழைத்தார். "வூட்டாண்ட வந்து பாருடி, ஒண்ணு காட்டறேன்" என்றார். மதிப்பெண் பட்டியலாக இருக்கும் என்று இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். அவர் என் கையைப் பிடித்து வீட்டின் பக்கவாட்டுக்கு இழுத்துப் போனார். அங்கே மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, புத்தம் புதிய மோட்டார் ஒன்று நின்றது.

"அந்த ரெண்டு நாளு தண்ணி வந்துச்சே, அப்பதான் எனுக்குத் தெரிஞ்சுது, பைப்புல தண்ணி கீதுன்னு. இழுக்கத்தான் ஆளு இல்ல. எல்லாம் உன்னாலதான். இனிமே பாப்பா ஒரு நாளுகூட லேட்டா போவாது, தெரியுமா?"

எனக்கு வந்த கோபத்தில் இனிப்புப் பெட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டேன். அவருக்கு அடுத்து அந்தத் தெருவில் இன்னும் ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அந்த வீட்டுப் பெண் காலிக் குடத்தோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரைக் காட்டி எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆனால் வெளியே வந்தது வேறு.

"எங்க வூட்லயும் மோட்டாரு இருக்குக்கா. அன்னிக்குப் பொய் சொன்னேன்."

அக்கா உரக்கச் சிரித்தார். "அன்னிக்கே தெரியும்டி. கொடம் தூக்கற லட்சணத்தப் பாத்தாலே தெரியலையா?"

அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளாத கடைசி வீட்டுப் பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் அருகில் வந்தார். குரலைத் தாழ்த்தி, "எந்தக் கடையில வாங்கினீங்கம்மா?" என்று கேட்டார்.

கடையின் பெயரைச் சொன்னேன். வில்லியனூர் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் சொன்னேன்.