சீல் வைத்த இன்ஜின்கள்

1. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம்

"இன்னா சார் இது? மொத லாப்ல எப்டி போனானுங்களோ, கடைசி லாப்லயும் அப்டியே வரிசையா வர்றானுங்க. ஒருத்தன் ஒருத்தன தாண்டல."

புது விதிகள் வந்த வருடம், முதல் பைக் பந்தயம் முடிந்ததும் அந்தோணி என்னிடம் கேட்டது இது. அவர் புதுப்பட்டினத்தில் மீன்பிடி போட் மோட்டார்களைப் பழுது பார்ப்பவர். ஒவ்வொரு சீசனும் வேன் பிடித்து ஆள் திரட்டிக்கொண்டு வருவார். எப்போதும் மூன்றாவது வளைவில்தான் நிற்பார். நான் கருங்குழியில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தேன். வார இறுதிகளில் பந்தயத் திடலில் ஸ்க்ரூட்டினியர். அதாவது, வண்டி விதிப்படி இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன்.

"ரூல் மாறிடுச்சு அந்தோணி. எல்லாருக்கும் ஒரே இன்ஜின், சீல் வச்சது. ஒரே ஸ்ப்ராக்கெட், ஒரே டயர். யாரும் எதையும் மாத்தக் கூடாது."

"அப்ப எதுக்கு சார் பன்னெண்டு பேரு? ஒருத்தன வுட்டு ஓட்டச் சொன்னா போதாதா?"

அடுத்த வண்டியின் சீல் நம்பரைப் பார்க்கப் போய்விட்டேன்.

2. கை தூக்கியவன்

பழைய விதியில் எனக்கு வேலை அதிகம். தோற்றவர் புகார் கொடுத்தால் ஜெயித்தவரின் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். கேம் ஷாஃப்ட், சிலிண்டர் விட்டம், வால்வு என எல்லாவற்றையும் அளக்க வேண்டும். ஒரு மெக்கானிக் கோபத்தில் பிஸ்டனை என் காலடியில் வீசியிருக்கிறார். ஆனால் அப்போது பந்தயம் பார்க்க நன்றாக இருந்தது. ஒருவர் நேர்ப்பாதையில் பறப்பார். இன்னொருவர் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, மாற்றிப் போட்டு வளைவிலிருந்து வெளியே வரும்போது அவரைப் பிடிப்பார்.

விதிக் கமிட்டி எங்கள் கருத்தைக் கேட்டபோது, எல்லாவற்றுக்கும் சீல் வைக்கலாம் என்று முதலில் கை தூக்கியது நான். எல்லாருக்கும் சம வாய்ப்பு என்று பேசினேன். பொழுதோடு வீட்டுக்குப் போகலாம் என்பதுதான் மனதில் இருந்தது.

அந்த முதல் பந்தயத்துக்குப் பிறகு அந்தோணி இரண்டு சீசன் வரவில்லை.

3. கடலோரத்தில்

ஒரு காணும் பொங்கலுக்கு முன்னால் அவரே போன் செய்தார்.

"சார், எங்க ஊர்ல போட் ரேஸ் வுடறோம். போன தபா அடிதடி ஆயிட்சி. நீங்க வந்து செக் பண்ணிக் குடுங்க."

ஆறு ஃபைபர் படகுகள். நான் இரண்டு பக்கத்துக்கு விதி எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஒரே மோட்டார், ஒரே ப்ரொப்பெல்லர், ஒரே எடை, ஒரே வழி. அந்தோணி மணலில் நின்றபடியே படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"இங்கயும் சீல் வைக்க வந்துட்டீங்களா?"

சுருக்கென்றது. மறைப்பதில் அர்த்தம் இல்லை என்று தோன்றியது. "அங்க சீல் வைக்கலாம்னு மொதல்ல கை தூக்குனது நான்தான்" என்றேன்.

"நீங்களா?" என்றார். "சரி, ஆனது ஆச்சு. இப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கோடு போட்டு அடித்தேன். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மோட்டாரின் குதிரைத்திறனுக்கு ஒரு வரம்பு. அடுத்த படகின் மேல் இடிக்கக் கூடாது. ப்ரொப்பெல்லர், எடை, வழி எல்லாம் அவரவர் இஷ்டம்.

மாரி என்பவரின் படகு போகும்போது கடைசியாகப் போனது. கடலில் போட்டிருந்த மிதவையைச் சுற்றித் திரும்புகையில் மற்றவர்களை விட்டு விலகி, அலை எழும் பக்கமாகப் போனார். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெரிய அலை படகைத் தூக்கி முன்னால் தள்ளியது. நாலு படகுகளைத் தாண்டி, முதல் படகுக்கு அரைப் படகு நீளம் பின்னால் இரண்டாவதாக வந்தார். அந்தோணியின் படகு நாலாவது. கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மாரியின் ப்ரொப்பெல்லர் வேறு மாதிரி என்று புகார் ஒன்று வந்தது. நான் ப்ரொப்பெல்லரைப் பார்த்து, அதற்கு விதி எதுவும் இல்லை என்று சொன்னதும் தகராறு இல்லாமல் முடிந்தது.

4. அடுத்த கூட்டம்

கமிட்டியில் ஸ்ப்ராக்கெட், கார்புரேட்டர், டயர் மூன்றையும் திறந்துவிடக் கேட்டேன். ஸ்ப்ராக்கெட்டுக்கு மட்டும் சம்மதித்தார்கள். அந்தோணியிடம் சொன்னேன்.

"ஒண்ணுதானா? சரி, வந்து பாக்கறேன்" என்றார். அடுத்த பந்தயத்துக்கு வந்தார், பாதியில் கிளம்பிப் போகவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒன்றைத் தடை செய்யும் முன், அதை அனுமதித்தால் யாருக்காவது அடிபடுமா, இல்லை நமக்கு வேலை கூடுமா என்று கேட்டுப் பாருங்கள். வேலை மட்டும்தான் கூடும் என்றால், கூடட்டும்.