தண்ணி டிபார்ட்மெண்ட் சென்னிமலை

பெரியநாயக்கன்பாளையத்தில் ‘சென்னிமலை’ என்று கேட்டால் அந்த ஊருக்குப் போகிற பஸ்ஸைக் காட்டுவார்கள். ‘தண்ணி டிபார்ட்மெண்ட் சென்னிமலை’ என்று கேட்டுப் பாருங்கள், வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஸ்பின்னிங் மில்லில் நூல் ஓட்டுகிறவருக்கு ஒரு மதிப்பு, மெஷினைப் பிரித்து மாட்டுகிற ஃபிட்டருக்கு ஒரு மதிப்பு. காற்றில் ஈரம் ஏற்றுகிறவருக்கு யார் மதிப்புக் கொடுக்கப் போகிறார்கள்? சென்னிமலை தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார்.

அவர் வேலை இதுதான். மில்லுக்குப் பின்னால் ஓர் இருட்டறை. அங்கே ஆள் உயர விசிறிகள் காற்றை இழுக்கும், குழாய்கள் அதன்மேல் தண்ணீரைச் சாரலாகத் தூவும். நனைந்த காற்று மில்லுக்குள் போய் இறங்கும். சுவரில் இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவார். மழைக்காலத்தில் அவரை யாரும் சீண்டமாட்டார்கள். மார்கழி பிறந்து, காய்ந்த குளிர்காற்றில் ஊரே உதடு வெடித்துத் திரியும்போதுதான் அவருக்கு மவுசு. நூல் பொட்டுப் பொட்டென்று அறும். சூப்பர்வைசர் ஓடிவந்து, “ஏனுங்க சென்னிமலை, தண்ணியக் கொஞ்சம் எச்சா உடுங்க” என்று கெஞ்சுவார். அந்தக் கெஞ்சலுக்காகவே மனிதர் வருஷம் பூராவும் காத்திருப்பார்.

அவர் மனைவி பொற்கொடிக்கும் அதே மில்லில்தான் வேலை, நூலைக் கூம்பில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில். கல்யாணமாகியும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்ற நாள் குறைவு. அவளுக்குப் பகல் ஷிப்ட், இவருக்குப் பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். அவள் உள்ளே போகிற கேட்டில் இவர் வெளியே வருவார். “சோறு அடுப்பு மேல இருக்குதுங்க” என்பாள். “செரி” என்பார். அவ்வளவுதான் குடும்பம். சென்னிமலை மோசமான ஆள் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்குத் தலைவலி வந்ததா, பிள்ளை பெறப் போனபோது பயந்தாளா என்று ஒருநாளும் கேட்டதில்லை. மில்லின் காற்றை அத்தனை அக்கறையாகப் பார்த்த மனிதருக்கு வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு அவர்மேல் இருக்கிற கோபம் அது ஒன்றுதான்.

வயசாகி இருவரும் வேலையை விட்டு நின்றார்கள். வரும்போது பொற்கொடி ஓர் இருமலையும் கூட எடுத்துக்கொண்டு வந்தாள். அத்தனை வருஷத்துப் பஞ்சுத்தூசியும் நெஞ்சில் தங்கியிருந்தது. வெயில்காலத்தில் அது சும்மா கிடக்கும். குளிர் வந்தால் எழுந்துகொள்ளும். போன மார்கழியில் அவளைக் கட்டிலிலேயே தள்ளிவிட்டது. தொண்டை காய்ந்து, ஒரு வார்த்தை பேசுவதற்குள் இருமல் அள்ளிக்கொண்டு போனது. திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் அக்ஷயா வந்து பார்த்துவிட்டு, காற்றில் ஈரம் விடுகிற சின்ன வெள்ளை மெஷின் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தாள். சொம்பு அளவுதான் இருக்கும். மெல்லப் புகை மாதிரி ஆவி விட்டது.

“இதுல தண்ணி ஊத்தி வெச்சாப் போதுமுங்கப்பா. அம்மாவுக்குத் தொண்டை காயாது.”

சென்னிமலை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இது என்ன கண்ணு, சாம்பிராணி போடறதா? ஒரு மில்லுக்கே ஈரம் ஏத்துனவனுக்குச் சொப்புச் சாமானைக் குடுக்கறயே!”

மெஷின் பரணுக்குப் போனது. மகள் ஊருக்குப் போனதும் அவர் வேலையை ஆரம்பித்தார். ஜன்னல்களைச் சாத்தி இடுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டினார். கதவுக்கடியில் சாக்கைத் திணித்தார். கட்டிலின் ஒரு பக்கம் சுவர். அந்தச் சுவரை ஒட்டியும், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கொடி கட்டித் தடித்த கைத்தறிப் போர்வைகளைத் தொங்கவிட்டார். செடிக்கு மருந்தடிக்கிற கை ஸ்பிரேயரில் தண்ணீரை நிரப்பி, போர்வைகளைக் கழற்றாமலே மில் சாரல்போல அடித்தார். எதிரே டேபிள் ஃபேனைச் சுற்றவிட்டார். இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி, ஒன்றுக்கு வேட்டித் துணி சுற்றிப் பீரோவில் மாட்டினார். போர்வை இல்லாத பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் இருமல் தணிந்துதான் போனது. பொற்கொடிக்குப் பேச்சு வந்தது. ஸ்பிரேயர் அடிப்பதற்கு நடுநடுவே அவருக்கும் வந்தது. மில்லில் சாரல் குழாய்க்குள் தவளை புகுந்து அடைத்துக்கொண்ட கதையைச் சொன்னார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மில்லுக்குப் போன முதல் நாள் சத்தம் தாங்காமல் ஒளிந்து நின்று அழுததை அவள் சொன்னாள். “அப்படியா அம்மணி? எங்கிட்டச் சொல்லவேயில்லையே” என்றார். “நீங்க எங்கீங்க இருந்தீங்க சொல்றதுக்கு?” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னாள். அவர் அதன்பிறகு சாப்பாட்டுத் தட்டையும் அந்த நாற்காலிக்கே கொண்டுவந்துவிட்டார்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பழனியாத்தாள் பார்க்க வந்தாள். உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

“ஏனுங்கண்ணா, ஊட்டுக்குள்ள நெம்ப ஈர வாசம் அடிக்குதுங்களே. ஜன்னலைச் சித்தத் தொறந்து உடுங்க.”

“தொறந்தா ஏத்துன ஈரமெல்லாம் போயிருமுங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது.”

பொற்கொடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து இருமல் திரும்பி வந்தது. இது பழைய வறட்டு இருமல் இல்லை. அடி நெஞ்சிலிருந்து வந்தது, கூடவே காய்ச்சலும் இளைப்பும். காற்று இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது என்று நினைத்து அவர் இன்னும் தண்ணீர் அடித்தார். தெர்மாமீட்டர் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன. மில்லாக இருந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தியிருப்பார். வீட்டில் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அவளுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. அக்ஷயாவும் ஓடிவந்துவிட்டாள். டாக்டர் எல்லாம் விசாரித்துவிட்டு, “அம்மா படுத்திருக்கற ரூம்ல காத்து வந்து போகுதுங்களா? செவுத்துல கறுப்பாப் பூஞ்சணம் ஏதாச்சும் புடிச்சிருக்குதுங்களா?” என்று கேட்டார். ஏற்கெனவே கெட்ட நெஞ்சுக்கு அது ஆகவே ஆகாது என்றார். “அப்படியெல்லாம் இல்லீங்க” என்றார் சென்னிமலை.

மாற்றுச் சேலை எடுக்க வீட்டுக்கு வந்தவர், நேரே கட்டிலுக்குப் போய்ச் சுவரோரப் போர்வையை அவிழ்த்தார். கட்டிய நாளுக்குப் பிறகு அன்றுதான் அவிழ்க்கிறார். பின்னால் சுவர் கரிச்சட்டியின் அடிபோல இருந்தது. கூரைவரை கறுப்பு. தலையணைக்குப் பக்கத்தில் மட்டும், படுத்தபடியே ஒரு பெண்ணின் கை எட்டும் அளவுக்குச் சுவர் வெள்ளையாகத் துடைத்துக் கிடந்தது. தலையணையைத் தூக்கினார். பழைய சேலைக் கிழிசல் ஒன்று, கறுத்துப்போய் இருந்தது.

அவர் அந்தக் கிழிசலைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மில்லில் ஈரக் காற்றை உள்ளே அனுப்ப ஒரு வரிசை விசிறி இருந்தது. உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ள இன்னொரு வரிசை இருந்தது. அதையும் ஓட்டியவர் அவர்தான். காலமெல்லாம் ஓட்டியும் வீட்டுக்கு வந்ததும் அது மறந்துபோயிற்று. ஈரம் ஏற்றச் சொல்லித்தானே எல்லோரும் வந்து கெஞ்சினார்கள்!

ஆஸ்பத்திரியில் பொற்கொடிக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். சுவரோரம் ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. காற்று அதற்குள் புகுந்து நனைந்துதான் அவள் மூக்குக்கு வந்தது. அவள் அதைக் கண்ணால் காட்டினாள்.

“பாருங்க, இங்கீயும் உங்க டிபார்ட்மெண்ட்டு.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “செவுத்த நீதான் தொடச்சயா அம்மணி?”

“மொதல்ல துளியூண்டுதானுங்க இருந்துச்சு. தொடச்சாப் போயிருமுன்னு பார்த்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே எல்லாத்தையும் அவுத்துப்போட்டிருப்பனே!”

அவள் மூச்சைச் சேர்த்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அவுத்துப்போட்டு, அந்த நாற்காலியத் தூக்கிட்டு வாசலுக்குப் போயிருப்பீங்க.”

சென்னிமலை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி ஆட்கள் இருப்பதையும் பாராமல் அழுதார். அவள் அந்தக் கையை விடவில்லை. ‘இனி எங்கேயும் போகமாட்டேன்’ என்று சொல்ல நினைத்தார். வீட்டுக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பொற்கொடி வீட்டுக்கு வரவில்லை. மாசி பிறப்பதற்கு முன்பே பாட்டிலில் குமிழி நின்றுபோயிற்று.

இந்த மார்கழியில் அந்த வீட்டில் ஜன்னலெல்லாம் திறந்தே கிடக்கிறது. அக்ஷயா ஆள் வைத்துச் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்துவிட்டாள். பரணிலிருந்து அந்த வெள்ளை மெஷினையும் இறக்கித் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவர் அதில் தண்ணீர் ஊற்றுவதில்லை. உதடு வெடித்து ரத்தம் கசிகிறது, தொண்டை காய்ந்து இருமுகிறார். கட்டிலோர நாற்காலியை மட்டும் யாரையும் நகர்த்த விடவில்லை. காலையில் காபியைக் குடித்துவிட்டு அதில் போய் உட்கார்ந்தால், பொழுது சாய்கிற வரைக்கும் எழுந்திருப்பதில்லை.