தொட்டால் ஓடும் கோடு

அந்தப் பட்டறையில் அவளைப் ‘புள்ளி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் அளவு பிசகினாலும் விடமாட்டாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். இருபத்திரண்டு வருடமாகக் கணினியில் இயந்திர பாகங்களுக்குப் படம் வரைகிறாள். அவள் படத்தில் யாரும் குறை கண்டதில்லை. அதாவது, போன வருடம் வரை.

போன வருடம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. "ஆபத்தில்லை, ஆனா போகவும் போகாது" என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். வீட்டுக்காரரிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. ஆனால் மவுஸிடம் எதை மறைக்க முடியும்? ஒரு கோட்டைத் தேர்ந்தெடுக்கத்தான் அழுத்துவாள். விரலை எடுப்பதற்குள் கை துளி நகர்ந்துவிடும். இழுக்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு மென்பொருள் கோட்டையும் கூடவே இழுத்துப் போகும். அளவு கொடுத்துக் கட்டிப்போட்ட கோடு அசையாது. கட்ட மறந்த கோடுதான் ஓட்டம் பிடிக்கும்.

மென்பொருள் கம்பெனிக்கு யோசனை சொல்ல இணையத்தில் எல்லோரும் படிக்கிற ஒரு பக்கம் உண்டு. அதில் மூன்று தடவை எழுதினாள். ‘கொஞ்ச தூரமாவது இழுத்தால்தான் கோடு நகர வேண்டும். அது எவ்வளவு தூரம் என்று நாங்களே வைத்துக்கொள்ள வழி வேண்டும்.’ காரணம் கேட்ட கட்டத்தில் ‘வேலை வேகமாக நடக்கும்’ என்று போட்டாள். உண்மையை எப்படிப் போடுவது? அந்தப் பக்கத்தைப் பட்டறை மேலாளரும் படிப்பார். மூன்று தடவையும் ஒரே பதில்: ‘கவனமாக அழுத்தினால் இந்தச் சிக்கல் வராது.’ யாருக்கு யார் கவனத்தைப் பற்றிப் பாடம் நடத்துவது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நாற்பது தகடுகள் துளை போட்டு வந்தன. ஒன்றில்கூட போல்ட் இறங்கவில்லை. அச்சடித்த படத்தில் துளைகளுக்கு நடுவே அறுபது மில்லிமீட்டர். தகட்டில் அறுபதுக்கு மேல். மேலாளர் நேராக மெஷின் ஆபரேட்டரைப் பிடித்துக்கொண்டார். அவன் இரண்டு பெண்களுக்குத் தகப்பன். ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன்; இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

"ஃபைல்ல இருந்ததைத்தான் சார் ஓட்டினேன்" என்றவன், அவளைப் பார்த்ததும் குரலை இறக்கினான். "அக்கா படத்துல தப்பு இருக்காது சார். நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருப்பேன்."

அவள் இருக்கைக்குப் போய் ஃபைலைத் திறந்தாள். துளைகளுக்கு நடுவே 60.4. ஒரு துளையின் நடுக்கோட்டைக் கட்டவே இல்லை. அச்சில் வரும்போது புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மென்பொருள் விட்டுவிட்டு, வெறும் அறுபது என்று காட்டியிருக்கிறது. இப்போது திருத்திச் சேமித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை, அரை நிமிடம் அவள் அதைத்தான் யோசித்தாள்.

பிறகு இருவரையும் கூப்பிட்டாள். "கொஞ்சம் ஸ்கிரீனைப் பாருங்க."

கோட்டின்மேல் அழுத்தினாள். கோடு துள்ளியது. 60.7.

"தம்பி மேல ஒரு தப்பும் இல்லை சார். என் கை நடுங்குது. ஒரு வருஷமா இப்படித்தான்."

ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டான். மேலாளர் திரையைவிட அவள் கையைத்தான் வெகு நேரம் பார்த்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா" என்றார்.

"சொன்னா வரைய விடுவீங்களா?"

இனிமேல் அவள் படங்களை இன்னொருவர் சரிபார்த்த பிறகே மெஷினுக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நியாயம்தான். ஆனாலும் அவளுக்கு வலித்தது.

அன்று வீட்டுக்குக் கிளம்புமுன் நான்காவது தடவையாக எழுதினாள். காரணம் கேட்ட கட்டத்தில் ‘என் கை நடுங்குகிறது’ என்று மட்டும் போட்டாள்.

காலையில் வந்து பார்த்தபோது கம்பெனியிடமிருந்து பதில் வரவில்லை. ஆனால் முகம் தெரியாத பதினேழு பேர் அவள் எழுதியதற்குக் கீழே எழுதியிருந்தார்கள். முதலாமவர் எழுதியது: ‘எனக்கும்தான். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.’