வாழைத்தோல் மூட்டைகள்

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வாழை வைத்திருக்கிறவர்கள் வாழையில் ஒரு நாரைக்கூட வீணாக்க மாட்டார்கள். குலை சந்தைக்குப் போகும், இலை கடைக்குப் போகும், மிச்சமெல்லாம் திரும்ப வாழையடிக்கே போகும். கனகாம்பிகையின் கையும் அப்படிப் பழகின கைதான். முதலில் பிழை விட்டதும் அந்தக் கைதான்.

அவளுடைய கிணற்றில் ஈயம் இருக்கிறதென்று பல்கலைக்கழகக் கம்பஸிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த அருந்ததி என்ற பெண் சொன்னபோது, கனகாம்பிகைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளிநொச்சியில் கட்டிக்கொடுத்த மகள் தனுசியா பிள்ளைத்தாய்ச்சி. முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வரப்போகிறவளுக்கு இந்தத் தண்ணீரையா கொடுப்பது?

அருந்ததி ஒரு பரலை, பெரிய பிளாஸ்டிக் பீப்பாயை, கொண்டுவந்து வைத்தாள். காயவைத்து அரைத்த வாழைத்தோலை அதில் நிரப்பித் தண்ணீரை வடியவிட்டால், தோல் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். சோதித்துப் பார்த்தார்கள். தண்ணீர் சுத்தம். கனகாம்பிகைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

முதல் தடவை தோலை மாற்றியபோது, பழையதைக் கடகப் பெட்டியில் அள்ளிக்கொண்டுபோய்க் கிணற்றடி வாழைக்குப் பசளையாகப் போட்டுவிட்டாள். பிறகு வந்த அருந்ததி அதைக் கண்டு தலையில் கைவைத்தாள்.

“என்னம்மா செய்தனீங்கள்? மழை பெய்தால் ஈயமெல்லாம் திரும்பக் கிணத்துக்குள்ளைதானே போகும்.”

“அப்ப எரிச்சுவிடட்டே, பிள்ளை?”

“எரிச்சால் ஈயம் சாம்பலிலை நிக்கும். நனையாமல் மூட்டையாய்க் கட்டி வையுங்கோ. நாங்கள் வந்து எடுப்பம்.”

அன்றைக்கே இருவருமாக அந்த மண்ணையும் சுரண்டி மூட்டை கட்டினார்கள். அதற்குப் பிறகு அருந்ததியின் ஆராய்ச்சி முடிந்தது. மேலே படிக்க வெளிநாடு போய்விட்டாள். மூட்டை எடுக்க ஒருவரும் வரவில்லை. ஈயம் என்றதும் குப்பை ஏற்றுகிறவர்களும் தொடமாட்டோம் என்றார்கள். கனகாம்பிகைக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஆனால் யாரைப் பிடித்து ஏசுவது?

நல்ல தண்ணீர் என்று அயலவர்களும் குடத்தோடு வந்தார்கள். தண்ணீருக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தோலை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டிவந்தது. அவர்கள் தண்ணீரைக் கொண்டுபோனார்கள், மூட்டைகள் அவளோடு நின்றன. வெளியே வைத்தால் மழை நனைக்கும், ஆடு கடிக்கும். வீட்டில் இருப்பதோ ஒரே அறை. அது நிரம்பிய பிறகு அவள் விறாந்தையில் படுத்தாள்.

கார்த்திகை மழை பிடித்த ஒரு பின்னேரம் தனுசியா போன் எடுத்தாள்.

“அம்மா, அறையிலை கட்டில் போட்டாச்சே? வாற கிழமை வாறன்.”

கனகாம்பிகை அறைக் கதவைத் தள்ளினாள். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை.

“என்னம்மா? தண்ணி இன்னும் சரிவரேல்லையே?”

“தண்ணி நல்லாயிருக்குப் பிள்ளை,” என்றாள் கனகாம்பிகை. “உனக்குத்தான் இடமில்லை.”