குண்டாற்றுக் கலங்கல்

கார்த்திகை மாதம். காலை ஏழு மணிக்கு அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பஸ் புறப்பட்டது. டிக்கெட் அறுபது காசு. மடியில் இருந்த பையில் வெற்றுப் பாட்டில்கள் குலுங்கின. மதுவிலக்குக் காலமாதலால் கண்டக்டர் சந்தேகமாகப் பார்த்தார். ஆற்றுத் தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்றதும், "தண்ணிக்கா இம்புட்டுத் தூரம் வாரீக?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்.

சாயல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஆய்வுக்கூடம். அமெரிக்கச் செயற்கைக்கோள் எடுக்கும் படங்களைக் கொண்டு கடல்நீரின் தெளிவைக் கணிக்க முயன்றுகொண்டிருந்தோம். போன மழைக்காலத்துப் படத்தில், குண்டாறு கடலில் சேரும் இடத்தில் வெளிறிய திட்டு ஒன்று விசிறிபோல் விரிந்திருந்தது. அது எந்த மண் என்று தெரிய வேண்டும். அன்று ஒன்பதரை மணிவாக்கில் செயற்கைக்கோள் எங்கள் பக்கம் கடக்கும். அந்நேரம் முகத்துவாரத்தில் சக ஊழியர் ஒருவரும் திருச்சுழியில் நானும் தண்ணீர் எடுப்பதாக ஏற்பாடு. மேகம் மூடினால் படம் உதவாது. பதினெட்டு நாள் கழித்து அது மறுபடி வருவதற்குள் ஆறு வற்றிவிடும்.

திருச்சுழியில் இறங்கிக் கரையோரமாக நடந்தேன். குண்டாறு காப்பி நிறத்தில் ஓடியது. உடைந்த வரப்பை ஒற்றை ஆளாக அடைத்துக்கொண்டிருந்தார் பேச்சியம்மாள் என்பவர், நாற்பது வயதிருக்கும். முந்திய வாரத்து மழையில் விதைத்த பருத்தியோடு மேல்மண்ணும் ஆற்றோடு போய்விட்டதாம். கரை வழுக்கும் என்று என் இடுப்பில் கயிறு கட்டி, முனையைத் தானே பிடித்துக்கொண்டார். மேகம் விலகி வெயில் அடித்த நேரத்தில் பாட்டில்களை நிரப்பி மேலேறினேன்.

பழைய படத்தைக் காட்டினேன். தன் ஒன்றரைக் குறுக்கம் நிலத்தை அதில் தேடினார். அவ்வளவு சிறியது இதில் விழாது என்றேன். கடலோரத் திட்டைத் தொட்டு, இது இந்தப் பக்கத்து மண்ணாக இருக்கலாம் என்றேன்.

"நிலத்தைக் காணோம். போன மண்ணு மட்டும் தெரியுது," என்றார். படத்தைத் திருப்பித் தந்துகொண்டே, "அங்க போயி என்ன ஆகுது?"

மறைக்க மனம் வரவில்லை. கலங்கல் கடலில் இறங்கினால் எங்கள் கரை மீனவர்களுக்கு இறால் நிறையப் படும் என்றேன்.

அவர் கூடையில் மண்ணை அள்ளினார். "அப்ப அவுகளுக்கு இது நல்ல வருசம்," என்றார். குரலில் குத்தல் இல்லை.

பகல் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. நானும் கூடை சுமந்தேன். கிளம்பும்போது உடைப்பில் பாதிதான் அடைபட்டிருந்தது.

மறுநாள் எங்கள் கரையில் இறால் கூடைகள் வரிசையாக இருந்தன. ஏலம் சிரிப்பும் சத்தமுமாக நடந்தது. ஆய்வுக்கூடத்தில் இரண்டு இடத்துத் தண்ணீரையும் வடிகட்டினோம். இரண்டு வடிதாள்களிலும் ஒரே கரும்பழுப்பு வண்டல். அதுவரை அறிக்கைகளில் அந்தத் திட்டை 'அசுத்தம்' என்றே எழுதிவந்தோம். இம்முறை நான் 'திருச்சுழிக் கரிசல்' என்று எழுதினேன்.